முதுகு எங்கே?

"நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா முதுகு எங்கேம்மா?"

மாஸ்டர் கேட்டது எனக்குப் புரியவில்லை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெரியவரை நேர்முன்னால் இருந்து பார்த்து வரைந்திருந்தேன். முகம், மார்புக்கூடு, மடியில் கோத்து வைத்த கைகள் எல்லாம் ஓரளவுக்கு வந்திருந்தன. முன்பக்கத்தைப் பார்த்து வரைந்த படத்தில் முதுகு எப்படி வரும்? கேட்டேவிட்டேன்.

அவர் பெரியவரிடம் போய், "ஐயா, தொடட்டுமா?" என்று கேட்டுவிட்டு அவருடைய தோள்களுக்கு நடுவில் உள்ளங்கையை வைத்தார். "இங்க கூன் விழுந்திருக்கு. அதனால கழுத்து முன்னாடி வருது. கழுத்து முன்னாடி வந்ததால, நம்மளைப் பார்க்கணும்னா முகவாயைத் தூக்கித்தான் ஆகணும். நீங்க முகவாயை வரைஞ்சிட்டீங்க, கூனை விட்டுட்டீங்க. அதான் இவர் நம்மளை முறைக்கிற மாதிரி இருக்கார்."

உண்மைதான். என் படத்தில் அந்தச் சாதுவான மனிதர் வட்டிக்காரர் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்.

அரியாங்குப்பத்தில், கடலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது அந்தக் கொட்டகை. தகரக் கூரை. வாரநாட்களில் மாஸ்டர் அங்கே கல் செதுக்குவார். ஞாயிறு காலை மட்டும் தூசியைக் கூட்டி ஒதுக்கிவிட்டு எங்களை உட்கார வைப்பார். பாரதியார் பல்கலைக்கூடத்து மாணவர்கள் இரண்டு பேர், ஒரு பல் மருத்துவர், ஒரு பள்ளி ஆசிரியை, புதுச்சேரியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதும் நான். நாற்பத்தேழு வயதில் எதற்கு இந்த வேலை என்று வீட்டில் கேட்டார்கள். சரியான பதில் என்னிடம் இல்லை. ஞாயிறு காலையில் யாருக்கும் இட்லி ஊற்றாமல் இருக்கலாமே என்பதும் ஒரு காரணம்.

சேர்ந்து மூன்று வாரம் கழித்துத்தான் மாஸ்டர் தன் படங்களைக் காட்டினார். காட்டினார் என்று சொல்வதுகூட அதிகம். பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றில் சுருட்டிச் செருகியிருந்ததை உருவி, "கரையான் தின்னது போக மிச்சம்" என்று தரையில் விரித்தார். எல்லாம் மட்டமான நியூஸ்பிரிண்ட் தாள். வரைந்தது கரிக்குச்சியால். அந்தக் கரியையும் அவரே செய்துகொள்கிறார்: புளியங்குச்சிகளைப் பென்சில் அளவுக்கு நறுக்கி, மூடியில் ஒரு சின்ன ஓட்டை போட்ட டப்பாவில் நெருக்கி அடுக்கி, விறகடுப்புத் தணலில் வைத்துவிடுவார். ஓட்டை வழியே புகை வருவது நின்றால் எடுத்துவிடலாம். காற்று படாததால் குச்சி சாம்பலாகாமல் கரியாகிறது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு படத்திலும் முகம் இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முட்டை. அரிவாள் வளைவு மாதிரி ஒரு கோடு விலாவிலிருந்து இறங்கி இடுப்பில் திரும்பும். குதிகாலில் மட்டும் தாள் கிழியும் அளவுக்குக் கரி தேய்த்திருக்கும். இன்னொன்றில் முழங்கால் மட்டும் ஏழெட்டு முறை, மேலிருந்து, பின்னாலிருந்து, மடக்கியபோது, நீட்டியபோது. பக்கத்தில் அம்புக்குறி, எண்கள். பால் கணக்கு ஒன்றும் இருந்தது.

ஓவியர் வரைவது தாளிலேயே முடிந்துவிடும். சிற்பிக்குத் தாள் பஸ் ஸ்டாண்டு மாதிரி, அங்கே நின்று வேறெங்கோ போக வேண்டும். அவர் செய்யப்போகும் உருவத்தை ஜனங்கள் சுற்றி வந்து பார்ப்பார்கள். பின்பக்கம் தெரியாமல் கல்லில் உளி வைத்தால் திருத்த வழியில்லை. இந்த விளக்கமெல்லாம் பிறகு நானாக யோசித்துக்கொண்டது. அன்றைக்கு, "இதையெல்லாம் ஃபிரேம் போடலாமே சார்" என்று ஒப்புக்குச் சொன்னேன். "அடுப்பு பத்தவைக்கத்தான் நல்லா உதவுது" என்றார்.

அதிலும் அவருக்கு முன்னோடி உண்டு. மிக்கலாஞ்சலோ சாவதற்குமுன் தன்னுடைய வரைபடங்களில் பலவற்றைத் தீயிலிட்டதாக அவர் காலத்திலேயே வாழ்ந்து அவருடைய வாழ்க்கையை எழுதிய வசாரி சொல்லி வைத்திருக்கிறார். தப்பியவற்றில் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாடிகனில் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் அவர் தீட்டிய லிபியச் சிபில் என்ற தீர்க்கதரிசினிக்காக, செஞ்சுண்ணக்கட்டியால் வரைந்த பயிற்சித் தாள். தீர்க்கதரிசினி பெண், வரைவதற்கு நின்றவர் ஆண். முறுக்கித் திரும்பிய அந்த முதுகின் ஒவ்வொரு தசையும் தனித்தனியாகப் புடைத்து நிற்கிறது. மாஸ்டர் போனில் பெரிதாக்கிக் காட்டியது முதுகை அல்ல, தாளின் கீழ்மூலையை. கால் பெருவிரலைத் திரும்பத் திரும்ப வரைந்து பார்த்திருக்கிறார் மிக்கலாஞ்சலோ. உடம்பின் பாரம் அந்த விரலில் வந்து அழுந்தும்போது விரல் எப்படிப் பிதுங்கும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஓவியம் என் தொழில் இல்லை, நான் சிற்பி என்று அலுத்துக்கொண்டே அந்தக் கூரையைத் தீட்டிய ஆள். அந்த விரலைப் பார்த்தால் சொன்னது வெறும் சலிப்பில்லை என்று தெரிகிறது.

சரி, நம்மூர் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஸ்தபதிகள் எதிரில் ஆளை நிறுத்தி வரைவதில்லை. மாஸ்டர் ஓவியக் கல்லூரியில் படித்தவர். ஆனாலும் இளவயதில் சில மாதம் சுவாமிமலையில் போய் உட்கார்ந்திருக்கிறார். அங்கே செப்புத்திருமேனிக்கு மெழுகு பிடிக்கும்முன் ஒரு தென்னோலை நறுக்கைத் திருமேனியின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்துக் கணக்குப் பிரிப்பார்களாம். அந்த ஓலையே அளவுகோல். தாலம் என்பது திருமேனிகளுக்கான அளவுமுறை. சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தச தாலம், உயரம் 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தச தாலம், 120. இந்த அங்குலம் நம்முடைய இஞ்ச் இல்லை. எந்த உயரத்தில் திருமேனி செய்தாலும் அந்த உயரத்தை 124 ஆகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஓர் அங்குலம். அரையடிச் சிவனுக்கும் ஆறடிச் சிவனுக்கும் அங்குலக் கணக்கு ஒன்றே. முகத்துக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை, முழங்காலுக்கு இத்தனை என்று எல்லாம் ஓலை மடிப்பில் இருக்கிறது.

அப்படியானால் அதில் உடம்பு எங்கே இருக்கிறது, வெறும் கணக்குத்தானே என்று எனக்குத் தோன்றியது. பல் மருத்துவரும் அதையே கேட்டார். மாஸ்டர் எங்களைச் சிதம்பரத்துக்குப் போய்வரச் சொன்னார். கடலூரில் பிறந்து வளர்ந்த நான் சிதம்பரத்துக்கு எத்தனை முறை போயிருப்பேன்! கோபுர வாசலின் உட்சுவரில் வரிசையாக இருக்கும், கரணங்கள் எனப்படும் நடன நிலைகளின் சிற்பங்களை, செருப்பு பத்திரமாக இருக்குமா என்ற கவலையோடு கடந்துதான் பழக்கம். இந்த முறை ஒவ்வொன்றின் முன்பும் நின்றோம். நூற்றெட்டுக் கரணங்கள். அளவெல்லாம் ஓலைக் கணக்குத்தான். ஆனால் ஒருத்தி காலைத் தூக்கும்போது ஊன்றிய காலின் பக்கத்து இடுப்பு பிதுங்குகிறது. ஆசிரியை அங்கேயே, கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கும் பிதுங்கியது. காவலாளி எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

கணக்கு எலும்பு மாதிரி போல. அதன்மேல் அசைவை ஏற்றியவன், எங்கேயோ யாரோ ஆடிப் பார்த்திருக்கிறான், அல்லது அவனே ஆடியிருக்கிறான்.

மாஸ்டர் கல்லில் வேலை செய்வதையும் ஒருநாள் கூட இருந்து பார்த்தேன். செங்காவியைக் கரைத்து, நூலை நனைத்து, கல்லின் நான்கு பக்கமும் நடுக்கோடு அடிக்கிறார். அதன்மேல் உருவத்தைத் தீட்டுகிறார். பிறகு உளி. நாலு தட்டில் கோடு போய்விடுகிறது. மறுபடி நூல், மறுபடி காவி, மறுபடி தோளும் இடுப்பும். ஒரு உருவம் முடிவதற்குள் அதே தோளை எத்தனை முறை வரைவார் என்று அவருக்கே கணக்கில்லை. கடைசியில் ஒரு கோடும் மிஞ்சாது. நியூஸ்பிரிண்ட் தாளை அவர் ஏன் மதிப்பதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு, நிற்க வரவேண்டிய பெரியவர் வரவில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மாணவர்கள் கூச்சப்பட்டார்கள், பல் மருத்துவர் கண்ணாடியைத் துடைத்தார். நான் நிற்கிறேன் என்று சொன்னபிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. புடவைதான், வழக்கமாக உடுத்துவதுதான். ஆனாலும் ஐந்து பேர் இருபது நிமிடம் வெறித்துப் பார்க்கும்படி நின்று எனக்குப் பழக்கமில்லை. பெண் பார்க்க வந்தவர்கள்கூட பஜ்ஜி வந்ததும் கண்ணைத் திருப்பிவிட்டார்கள்.

இடது காலில் பாரம் போட்டு, வலது காலைத் தளர்த்தி நிற்கச் சொன்னார் மாஸ்டர். முதல் இரண்டு நிமிடம் வயிற்றை உள்ளிழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது நிமிடத்தில் வயிறு தன்னிஷ்டத்துக்கு வெளியே வந்தது. ஏழாவது நிமிடத்தில் இடது முழங்காலின் பின்னால் ஒரு நரம்பு இழுத்தது. பத்தாவது நிமிடத்தில் குதிகால் மரத்தது. பாரம் போட்ட பக்கத்தில் இடுப்பு மேலே ஏறியிருக்க, அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கியிருந்தது. தலை விழாமல் இருக்கக் கழுத்து எதிர்ப்பக்கம் போயிருந்தது. இதையெல்லாம் ஆறு மாதமாக அடுத்தவர்களுடைய உடம்பில் பார்த்துப் பார்த்துத் தப்பாக வரைந்திருக்கிறேன். நின்றபோது யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நடுவில் மாஸ்டர் தூக்குக்குண்டை எடுத்துவந்தார், கொத்தனார் சுவர் பிடிக்கிற அதே குண்டு. என் கழுத்துக்குழிக்கு நேரே, தொடாமல், நூலைப் பிடித்துத் தொங்கவிட்டார். குண்டு இடது கணுக்காலின் உட்பக்கத்துக்கு நேராக வந்து நின்றது. "ஒத்தக்கால்ல பாரம் போட்டு நின்னா யாருக்கும் இங்கதான் வரும். வரலைன்னா படத்துல இருக்கிற ஆள் விழுந்திடுவான்" என்றார். பிறகு சற்று எட்ட நின்று பார்த்து, "இடது தோள் இன்னும் கொஞ்சம் கூடுதலா இறங்குதே. அடி கிடி பட்டிருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

இருபது நிமிடத்தில் ஒருமுறைகூட யாரும் 'என்னை'ப் பார்ப்பதாக உணரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது பொய். ஒரு மாணவன் என்னை இருபத்தைந்து வயதுக்காரியாக, கொடியிடையாளாக வரைந்திருந்தான். பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் கொஞ்சம் கோபமும் வந்தன. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மாஸ்டருடைய தாளில் முட்டைத் தலைக்குக் கீழே என் வயிறு இருந்தது, இரண்டு பிள்ளை பெற்ற வயிறு, வெட்கமே இல்லாமல். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிரெஞ்சுச் சிற்பி ரோதேனின் படங்களை இதன்பிறகுதான் தேடிப் போனேன். பிரெஞ்சு வாடை மிச்சமிருக்கும் ஊரில் இருந்துகொண்டு அவரைத் தெரியாது என்று சொல்வது அழகில்லை என்ற எண்ணமும் உண்டு. வயதான காலத்தில் அவர் வரைந்த முறை விசித்திரமானது. ஆடையில்லாத பெண்களைப் பட்டறையில் இஷ்டம்போல் நடமாட விட்டுவிட்டு, கண்ணை அவர்கள்மேலிருந்து எடுக்காமல், தாளைப் பார்க்காமலே பென்சிலை ஓட்டுவார். கோடு எங்கேயாவது தாளை விட்டு வெளியே போனாலும் கவலையில்லை. பிறகு அதன்மேல் தோல் நிறத்தில் ஒரு நீர்வண்ணப் பூச்சு. சிலவற்றைக் கத்தரித்து எடுத்து, படுத்திருப்பவளை நிற்கவைத்தும் நிற்பவளைத் தலைகீழாக்கியும் பார்ப்பார். பாரிசில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சிலதைப் பார்க்கும்போது இந்தக் கிழவர் எங்கே உட்கார்ந்து எதைப் பார்க்கிறார் என்று எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. கலை என்ற சொல் அந்தச் சங்கடத்தைப் போக்கிவிடவில்லை.

ஆனால் 1906இல் வரைந்தவை வேறு ரகம். அந்த ஆண்டு கம்போடிய மன்னர் சிசோவாத் பிரான்சுக்கு வந்தபோது அரண்மனை நடனப் பெண்களையும் அழைத்துவந்தார். பாரிசில் அவர்கள் ஆடியதைப் பார்த்த ரோதேனுக்கு அப்போது அறுபத்தைந்து வயது. அவர்கள் மார்செய்க்குக் கிளம்பியதும் இவரும் பின்னாலேயே கிளம்பிவிட்டார். கொண்டுபோன தாள் போதாமல் மளிகைக்கடைத் தாளிலும் வரைந்தார் என்று சொல்வார்கள். சில நாட்களில் ஏறத்தாழ 150 படங்கள். எல்லாவற்றிலும் அந்தப் பெண்களின் கைகள்தான், விரல்கள் பின்னோக்கி வில்லாக வளைந்த கைகள். முகம் இரண்டு புள்ளி. துணியும் நகையும் நீலத்திலும் காவியிலும் ஒரு கறை. அந்தப் படங்களில் உடம்பை யாரும் ஒளிந்து பார்க்கவில்லை. அது ஆடத் தெரிந்த உடம்பு, பார்க்கிறவருக்குத் தெரியாத ஒன்று அதற்குத் தெரிந்திருக்கிறது. கிழவர் மாணவனாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. சென்னை அருங்காட்சியகத்து நடராசர் செப்புத்திருமேனிகளின் புகைப்படங்கள் அவர் கைக்குக் கிடைத்து, 1913 வாக்கில் சிவ நடனம் பற்றி உரைநடைக் கவிதை போல ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்து நாலு வருடம் கழித்து, 1921இல் அது அச்சானது. நம் பக்கம் அவர் வந்ததே இல்லை. தட்டையான புகைப்படத்தை வைத்துக்கொண்டு, நடராசரின் உதட்டையும் கையையும் காலையும் பற்றி அவர் மாய்ந்து மாய்ந்து எழுதியிருப்பதைக் கேள்விப்பட்டபோது மாஸ்டரின் கேள்விதான் ஞாபகம் வந்தது. படத்தில் இல்லாத முதுகையும் பார்க்கத் தெரிந்த ஆள்.

ஹென்றி மூர் என் மனதுக்கு இன்னும் நெருக்கம். 1940இல் லண்டன் மேல் ஜெர்மானியர்கள் குண்டு போட்டபோது ஜனங்கள் சுரங்க ரயில் நடைமேடைகளில் இறங்கிப் படுத்தார்கள். சிற்பியான மூர் அவர்களை வரைந்தார். தூங்குகிறவர்கள் எதிரில் நோட்டை விரித்துக்கொண்டு நிற்க அவருக்கு மனம் வரவில்லை. ஓரமாகச் சில குறிப்புகள் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து வரைந்தார். மெழுகுக் கிரேயானால் கோடு போட்டு, மேலே நீர்வண்ணத்தை ஊற்றினால் மெழுகு தண்ணீரைத் தள்ளிவிடும். இருட்டிலிருந்து கோடு வெளிச்சமாகத் துருத்திக்கொண்டு வரும். உடம்பைச் சுற்றி நூல் சுற்றினதுபோல் குறுக்குக் கோடுகளும் போடுவார். அந்தக் கோடுகளைக் கண்ணால் தொடர்ந்தால் அவை உருண்டு பின்பக்கம் போகின்றன. முதுகு அங்கேதான் இருக்கிறது.

அந்தப் படங்களில் பாதிக்குமேல் போர்வைகள். போர்வைக்குள்ளிருந்து முழங்கால் தள்ளும் இடத்தில் துணி இறுகுகிறது, இரண்டு உடம்புக்கு நடுவில் தொய்கிறது. துணி உடம்பை மறைக்கவில்லை, சொல்கிறது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டதாக மூர் பிறகு சொல்லியிருக்கிறார். அதன் விளைவுகள் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அவருடைய வெண்கலச் சிற்பங்களில் தெரிந்தன.

எனக்கு அந்தப் படங்கள் புதிதாக இல்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்துபோய், தெருக்காரர்களோடு ஒரு கல்யாண மண்டபத்தில் படுத்தோம். கரண்ட் இல்லை. ஒரு அரிக்கேன் விளக்கு. வரிசையாகப் போர்வை, புடவை, ஜமுக்காளம். தூக்கம் வராமல் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அந்தக் கோடு போட்ட போர்வை உன் சித்தப்பா. முழங்காலைப் பாரு. அந்த மூலையில பச்சைப் புடவையைப் போர்த்திருக்கிறது நம்ம பால்காரர்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "முப்பது வருஷம் சட்டை தைச்சிருக்கேன், தெரியாதா?" என்றார்.

அப்பா டெய்லர். அவருடைய அளவு நோட்டு இன்னும் இருக்கிறது. ஷோல்டர், செஸ்ட், கை உயரம் என்று எண்களை எழுதிவிட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு வைத்திருப்பார். 'முன் தொந்தி.' 'வலது கை நீளம்.' 'கூன், பின்பக்கம் முக்கால் கூட்டு.' கூன் விழுந்தவருக்கு முதுகுப்பக்கத் துணியில் நீளம் கூட்டாவிட்டால் சட்டை பின்னால் தூக்கிக்கொண்டு, காலர் கழுத்தை அறுக்கும். முதுகை எங்கே என்று கேட்க மாஸ்டர் தேவைப்பட்டார் எனக்கு. அந்த நோட்டு சின்ன வயதிலிருந்து வீட்டு அலமாரியில் கிடந்தது.

போன மாதம் மாஸ்டர் வரைந்த என் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். அப்பாவுக்கு எழுபத்தொன்பது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. தையல் நின்று ஆறு வருடம் ஆகிறது, ஆனாலும் வெட்டுமேசையைத் தூக்கிப் போட விடவில்லை. படத்தை அதன்மேல் விரித்தார். சுருண்டுகொண்ட மூலையில், யோசிக்காமலே, கத்தரிக்கோலைப் பாரமாக வைத்தார். யார் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஸார் வரைந்தது என்று மட்டும் சொன்னேன். படத்தில் முகமும் இல்லை.

கொஞ்ச நேரம் பார்த்தார். சுட்டுவிரலைத் தாளில் படாமல், கழுத்தடியிலிருந்து தோள்முனை வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அரை இஞ்ச் இறங்கியிருக்கு" என்றார். "ஆபீஸ் பையை வலது பக்கம் மாத்தி மாட்டுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"